வெல்டா ஓட்டிய வீடு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள் வெல்டா ஹோல்ம்பெர்க். கணவர் டெல்மர் அதே ஊரின் தபால்காரர். வெல்டா கையால் சாப்பிடாத பிள்ளையும் அங்கே கிடையாது, டெல்மர் கையால் கடிதம் வாங்காத வீடும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். இனி மதியத்தில் நன்றாகக் காலை நீட்டித் தூங்குவது என்று வெல்டா முடிவு செய்திருந்தாள். டெல்மர் வேறு முடிவு செய்திருந்தார். அதை மனைவியிடம் சொல்வதற்கு முன்னாலேயே வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

அது ஒரு பழைய மோட்டார்ஹோம். படுக்கையறை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பேருந்து மாதிரி நின்றது. பக்கத்து வீட்டு வாசலையும் கொஞ்சம் மறைத்தது.

"என்ன டெல்மர் இது?"

"வீடு."

"அப்போ நான் நின்னுக்கிட்டிருக்கிறது என்ன?"

"இது ஓடாத வீடு. அது ஓடுற வீடு."

வெல்டா உள்ளே போய்ப் பார்த்தாள். தன் பழைய சமையலறையின் அரிசி, மாவு வைக்கும் அறை இதைவிடப் பெரியது என்று சொன்னாள். டெல்மர் விடவில்லை. "ஒரு வருஷம் வா. எப்போ பிடிக்கலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்றியோ, அன்னிக்கே வண்டியைத் திருப்பிடறேன். சத்தியம்" என்றார். வெல்டா அரை மனதோடு சம்மதித்தாள். டெல்மரின் அண்ணன் மகள் கெண்ட்ராவை வீட்டில் குடிவைத்தார்கள்.

போகிறவர் சும்மா போயிருக்கலாம். தினமும் காலையில் காபிக் கடையில் கூடும் பழைய கூட்டாளிகளிடம் போய், "இனிமே என் மூஞ்சியை இந்த ஊர்ல பார்க்கணும்னா தபால் தலையிலதான் பார்க்கணும்" என்று முழங்கிவிட்டு வந்தார். அவர்கள் கேக் வெட்டி, கை தட்டி வழியனுப்பினார்கள்.

வண்டி அவர்களுக்கு முதல் பாடத்தைக் கொலராடோ மலையில் நடத்தியது. டெல்மர், கட்டைகளை உருட்டித் தள்ளும் பௌலிங் விளையாட்டின் கனத்த பந்துகள் அத்தனையும் ஏற்றியிருந்தார். வெல்டா, பள்ளிக்கூடம் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த ஆளுயரக் குண்டானை ஏற்றியிருந்தாள். மலையில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. சைக்கிளில் வந்த ஒருவன் அவர்களை முந்திப் போனான். போகும்போது ஆறுதலாகக் கையும் அசைத்தான். அடுத்த ஊரிலேயே பந்துகளை ஒரு தேவாலயத்துக்குத் தானம் செய்தார் டெல்மர். குண்டானைக் கேட்டபோது, "அது இறங்கினா நானும் இறங்குவேன்" என்றாள் வெல்டா. குண்டான் வண்டியிலேயே இருந்தது.

இரண்டாவது பாடம் கழிவுத் தொட்டி. குழாயை நன்றாகப் பூட்டிவிட்டு அப்புறம்தான் அடைப்பைத் திறக்க வேண்டும். டெல்மர் முதலில் அடைப்பைத் திறந்தார். அவருடைய தோல் காலணிகள் நியூ மெக்சிகோவிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டன. வெல்டா சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஓடுற வீடு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவதுதான் கஷ்டமான பாடம். சண்டை போட்டால் போய் உட்கார இன்னொரு அறை இல்லை. கோபத்தில் அறைந்து சாத்த அந்த வண்டியில் ஒரு கதவு கிடையாது. எல்லாம் இழுத்து மூடுகிற கதவுகள். எவ்வளவு ஆத்திரத்தோடு இழுத்தாலும் 'சர்ர்' என்று மென்மையாகப் போய் மூடிக்கொள்ளும். கொஞ்ச நாளில் இருவரும் சண்டையைச் சின்னதாக, கையடக்கமாகப் போடக் கற்றுக்கொண்டார்கள்.

வண்டியை நிறுத்துமிடத்தில் பின்னால் எடுப்பதுதான் பெரிய சண்டை. பின்னால் நின்று ஒருவர் சைகை காட்ட வேண்டும். யார் காட்டினாலும் ஓட்டுகிறவருக்குக் குளவி விரட்டுகிற மாதிரிதான் தெரிந்தது. ஒரு மரத்தையும் ஒரு குப்பைத் தொட்டியையும் இடித்த பிறகு, சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற வாக்கி டாக்கி ஒரு ஜோடி வாங்கினார்கள். அதற்குப் பிறகு திட்டுவது தெளிவாகக் கேட்டது.

குளிர்காலத்துக்கு அரிசோனா பாலைவனம் வந்து சேர்ந்தார்கள். பனி பெய்கிற ஊர்களிலிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கான வண்டிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சரளைத் தரையில் நின்றன. பக்கத்தில் ஒற்றைக்கண் பூனையோடு ஒரு சின்ன வேனில் தனியாக இருந்தவள் ரொவீனா. ஐடஹோ மாநிலத்துக்காரி, கணவனை இழந்தவள். முதல் நாளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"புதுசா?"

"எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக்காரர் வண்டி முன்னாடி பிளாஸ்டிக் புல் விரிப்பைப் பெருக்கிட்டிருக்காரு. பாலைவனத்துல பெருக்க ஆரம்பிச்சா எங்கே போய் நிறுத்துவாரு?"

வெல்டாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டா குண்டானை வெளியே எடுத்தாள். காரசாரமான பீன்ஸ்-மாட்டிறைச்சிக் குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல். நெப்ராஸ்காவில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த மதியச் சாப்பாடு. டெக்சஸ்காரர் ஒருவர், "இனிப்பையும் குழம்பையும் ஒண்ணா வைக்கிறதா? இதுக்கு எங்க ஊர்ல ஜெயில்ல போடுவாங்க" என்றார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அதற்கப்புறம் அந்த வரிசையில் வெல்டாவைத் தெரியாதவர்கள் இல்லை. சீட்டாட்டம், கல் பொறுக்கப் போவது, கூட்டமாக நடனம் என்று அவளுக்கு நாள் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டெல்மருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லை. "நான் ஓட்டறேன்" என்றாள் வெல்டா.

"இது பெரிய வண்டி வெல்டா."

"கொதிக்கிற குண்டானைத் தூக்கிக்கிட்டு, ஓடுற பிள்ளைங்களுக்கு நடுவுல நடந்தவ நான். இந்த வண்டி என்னை என்ன பண்ணிடும்?"

ரொவீனா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். காலியான சரளை வெளியில் ஒரு வாரம் சுற்றினார்கள். உயரமான இருக்கையில் உட்கார்ந்து, அகலமான கண்ணாடி வழியாகச் சாலை தன்னை நோக்கி வருவதை வெல்டா முதல்முறையாகப் பார்த்தாள். இவ்வளவு நாள் டெல்மர் இதை ஒளித்து வைத்துக்கொண்டு எனக்கு வரைபடத்தைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வெளியே சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் டெல்மரைப் பிடிக்க முடியாது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று மாதக்கணக்கில் ஆரம்பித்துவிடுவார்.

வெயில் ஏறியதும் எல்லோரும் வடக்கே கிளம்பினார்கள். நெவாடாவில் ஒரு காலை. முந்தைய நாள் அவள் வளைவில் அகலமாகத் திரும்பியதைப் பற்றி டெல்மர் ஏதோ சொல்லிவிட்டு, முதுகு வலி என்று உள்ளே போய்ப் படுத்திருந்தார். வெல்டா ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆளில்லாத நேர்ச்சாலை. பின்னால் படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பேச ஆரம்பித்தாள்.

வளைவில் ஆரம்பித்தாள். அப்படியே கேட்காமல் வண்டி வாங்கியதற்குப் போய், கல்யாணத்தன்று அவருடைய அம்மா சொன்ன ஒரு சொல்லுக்குப் போய், குறட்டையில் கொஞ்சம் நின்று, பிறகு பொதுவாகத் தபால்காரர்களின் குணத்துக்கு வந்தாள். ஒரு எதிர்ப் பேச்சும் இல்லை. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் டெல்மர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே கிடையாது. அவளுக்கே மனம் இளகிவிட்டது. "சரி விடு, நீயும் நல்ல மனுஷன்தான்" என்று முடித்து, ஓரமாக நிறுத்தி, சூப் சுட வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கதவை இழுத்தாள். கட்டிலில் தலையணை மட்டும் இருந்தது.

சூப்பைப் பாத்திரத் தொட்டியில் கொட்டிவிட்டு, அவ்வளவு நீள வண்டியை அந்தச் சாலையிலேயே திருப்பிக்கொண்டு பறந்தாள். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்திருப்பாரோ என்று இரண்டு பக்கப் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பெட்ரோல் பங்க் கடையில் டெல்மர் கோடு போட்ட பைஜாமாவோடு, மேலே கடைக்காரர்கள் கட்டும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, லாரிக்காரர்களுக்கு ஹாட் டாக் ரொட்டி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா? நீ பெட்ரோல் போடும்போது கழிப்பறைக்கு இறங்கினேன், வந்து பார்த்தா வண்டியைக் காணோம். இரு, இன்னொரு தடவை போயிட்டு வரேன். இங்கே பெரிசா, நல்லா இருக்கு" என்று போனார். வெல்டாவுக்குக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை.

கடையில் இருந்த பெண்ணின் பெயர் யோலாண்டா. கல்லாவுக்குப் பின்னாலிருந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஏம்மா? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து வர்ற லாரிக்காரங்க கிட்டேயெல்லாம் வீட்டுக் கதைதான். அவரு நாற்காலியாம், அவரு கழிப்பறையாம், காபிக் கடை ஆளுங்களாம். அந்த வண்டியைக் கண்டாலே அலுப்பா இருக்காம். ஆனா திரும்பிப் போனா ஊரே சிரிக்குமாம். நீங்க ஒரு வார்த்தை பிடிக்கலைன்னு சொல்லிட்டா, உங்க பேரைச் சொல்லித் திரும்பிடலாம்னு பல மாசமா காத்துக்கிட்டிருக்காராம். நீங்க சொல்லவே மாட்டேங்கிறீங்களாம்."

வெல்டாவுக்கு முதலில் சுருக்கென்றது. இதை என்னிடம் சொல்லாமல் லாரிக்காரர்களிடம் சொல்கிறாரே என்றிருந்தது. அடுத்த நிமிடம் உள்ளுக்குள் வேறு ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் குறும்புப் பிள்ளைகளைச் சமாளித்துச் சமாளித்து அவளிடம் ஒட்டிக்கொண்ட குணம் அது. ஓஹோ, என் பேரைச் சொல்லியா? அந்த ஒரு வார்த்தை இந்த வாயிலிருந்து வரவே வராது என்று முடிவு செய்தாள்.

அன்றிலிருந்து டெல்மருக்குச் சோதனைக் காலம்.

"என்னா அழகு பாரு டெல்மர் இந்த மலை. எல்லாம் உன் புண்ணியம்" என்பாள் காலையில். "நல்லவேளை நீ என் பேச்சைக் கேட்காம வண்டியை வாங்கின" என்பாள் சாயங்காலம்.

டெல்மர் சுற்றி வளைத்துப் பார்த்தார். "உனக்கு ஓட்டி ஓட்டிக் கை வலிக்குமே."

"வலிச்சது. இப்போ பழகிடுச்சு."

"கெண்ட்ரா தனியா என்ன பண்றாளோ."

"சந்தோஷமா இருக்காளாம். நேத்து பேசினேன்."

யூட்டா வந்தபோது வண்டியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. லொடக் லொடக் என்றது. "எஞ்சின் போச்சு வெல்டா. இதோட ஊர் போய்ச் சேர்ந்தாலே பெரிசு" என்று டெல்மர் சோகமாகச் சொன்னார். வெல்டா ஒரு பட்டறையில் நிறுத்தினாள். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையில் ஒரு பீன்ஸ் டப்பாவோடு வெளியே வந்தார். வண்டிக்கு அடியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். வெல்டா முடிச்சைப் பார்த்தாள். கடிதக் கட்டுகளுக்குத் தபால்காரர்கள் போடும் முடிச்சு. அவள் வீட்டில் பழைய செய்தித்தாள் கட்டுகூட அந்த முடிச்சில்தான் இருக்கும்.

"யாரு கட்டியிருப்பா?" என்றார் மெக்கானிக்.

"பறவை ஏதாவது கூடு கட்டியிருக்கும்" என்றாள் வெல்டா. டெல்மர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து அவள் அலாஸ்காவைக் கையில் எடுத்தாள். ரொவீனா போகிறாளாம், நாமும் சேர்ந்து போகலாம் என்றாள். அங்கே கொசு குருவி அளவுக்கு இருக்கும் என்று கேள்விப்பட்டு, வலை தொங்கும் தொப்பி இரண்டு வாங்கி வந்து, சாப்பிடும்போதே அவருக்குப் போட்டு அளவு பார்த்தாள். டெல்மர் வலைக்குள்ளிருந்து பரிதாபமாகப் பார்த்தார். சூப்பை வலைக்கு மேலேயே ஊற்றிக்கொண்டார்.

மோண்டானாவில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நிறைய வண்டிகள் தங்கியிருந்த ஒரு பூங்காவுக்குள் நுழைந்தார்கள். வெல்டா ஓட்டினாள். டெல்மர் மழைக்கோட்டோடு பின்னால் நின்று வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா, வா... இன்னும் கொஞ்சம்... இடது பக்கம் கொஞ்சம்... போதும், நிறுத்து."

நிறுத்தினாள். கருவி கரகரத்தது.

"வெல்டா."

"சொல்லு."

"இந்த வண்டி முழுநீளத்துக்கு நீ அந்தப் பக்கம் இருக்கே. உன் மூஞ்சி எனக்குத் தெரியலை. அதனால சொல்றேன். எனக்கு வீட்டுக்குப் போகணும்."

வெல்டா வாயைத் திறப்பதற்குள் கருவி மறுபடி கரகரத்தது. வேறு ஒரு ஆணின் குரல். "ஐயா, யாருன்னு தெரியலை. நல்லாச் சொன்னீங்க. எனக்கும்தான் போகணும்."

உடனே ஒரு பெண் குரல். "லைல், நீயா பேசுறது? உள்ளே வா முதல்ல."

அந்தப் பூங்காவில் இருந்த பாதிப் பேரிடம் அதே பொம்மைக் கருவி, அதே அலைவரிசையில் இருந்தது. இன்னொரு கிழவர், "மேடம், அவரைக் கூட்டிட்டுப் போங்க, பாவமா இருக்கு" என்று சிபாரிசு செய்தார்.

வெல்டா பொத்தானை அழுத்தினாள். "டெல்மர், எனக்குத் தெரியும். பெட்ரோல் பங்க்லேர்ந்தே தெரியும்."

"தெரிஞ்சுமா அலாஸ்காங்கிறே?"

"நீ டப்பா கட்டினியே. அப்புறம் என்னெல்லாம் கட்டுவேன்னு பார்க்க ஆசையா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் நினைத்தாள், ஆனால் அதற்குப் பதில் பொத்தானை மறுபடி அழுத்தினாள். "நானும் ஒண்ணு சொல்றேன். எனக்கு வீட்டுக்குப் போக வேணாம். இது எனக்குப் பிடிச்சுப்போச்சு. ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

சிபாரிசு செய்த கிழவர் 'க்ளிக்' என்று கருவியை அணைத்தார்.

டெல்மர் நனைந்துபோய் உள்ளே வந்தார். இருவரும் சின்ன மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கோபமாக இருந்தால் எளிதாக இருந்திருக்கும். கோபமும் இல்லை.

"ஒரு வார்த்தை சொன்னா திரும்பலாம்னு உனக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். என்னைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை" என்றார் டெல்மர்.

"நாற்காலியை ரொம்ப நினைச்சுக்கறியா?"

"நாற்காலி, கழிப்பறை எல்லாம் சும்மா. காலையில எழுந்தா யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும் வெல்டா. அந்தத் தெருவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும். இங்கே தினமும் புது ஆளுங்க. தினமும் நான் யாருன்னு சொல்ல வேண்டியிருக்கு."

வெல்டா யோசித்தாள். அவளுக்குப் பிடித்ததே அதுதான். அந்த ஊரில் எப்போதும் பள்ளிக்கூடச் சமையல்காரி. இங்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறு யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு ஊரில் தன்னைச் சர்க்கஸ்காரி என்று சொல்லியிருந்தாள். நம்பினார்கள்.

"அப்போ நீ போ" என்றாள். "நான் அலாஸ்கா போயிட்டு வர்றேன்."

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டபோது, ஜன்னல் வழியாக அவர் கையை ஆட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வழியில் வந்து சேர்ந்துகொண்ட ரொவீனாவின் வேன் முன்னே போக, வெல்டா அலாஸ்காவுக்கு ஓட்டினாள். முதல் வாரம் இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திருப்பி அடுக்கினாள். கழிவுக் குழாயைத் தானே பிடித்தபோது, இவ்வளவு நாள் அந்த மனிதர் முணுமுணுத்தாலும் ஒரு முறைகூட இதை அவளைச் செய்யச் சொன்னதில்லை என்பது உறைத்தது. அதை அன்றே தொலைபேசியில் சொன்னாள். "முதல்ல குழாயைப் பூட்டு" என்றார் டெல்மர்.

ஊரில் டெல்மருக்குச் சிறப்பான வரவேற்பு கிடைத்திருந்தது. காபிக் கடை ஆட்கள் அவர் முகத்தைத் தபால் தலை மாதிரி அச்சடித்து, கடை முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். "நீ வரவேணாம்பா, பார்த்துட்டோம்" என்றார்கள். ஒரு மாதம் அதே சிரிப்பு. டெல்மரும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் அவருடைய நாற்காலியில் கெண்ட்ராவின் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று குடியேறியிருந்தது. டெல்மரை உறுமி விரட்டியது. சொந்த வீட்டில் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துதான் அவர் தினமும் மனைவிக்குப் போன் செய்தார். பேசுவதற்கு அவளிடம் கரடியும் பனிமலையும் இருந்தன. அவரிடம் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்குக் குழந்தை பிறந்தது என்பது இருந்தது. அந்த ஒரே வண்டிக்குள் உட்கார்ந்து பேசியதைவிட இப்போது அதிகம் பேசினார்கள்.

இலையுதிர் காலத்தில் வெல்டா வந்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். வீட்டுக்குள் படுத்தால் தூக்கம் வரவில்லை, சுவர் ரொம்பத் தள்ளியிருக்கிறது என்று வண்டியிலேயே படுத்தாள். முதல் பனி விழுந்த காலையில் டெல்மர் ஒரு பையோடு வந்து கதவைத் தட்டினார்.

"என்ன?"

"குளிருது. அரிசோனா பக்கம் போற வண்டியில இடமிருக்கா?"

"தொட்டி யாரு காலி பண்றது?"

"நான்தான்."

"ஓட்டறதைப் பத்திப் பேச்சு?"

"மூச்சு விடமாட்டேன்."

அப்படித்தான் வருடாவருடம் நடக்கிறது. கோடையில் அவர் ஊரில், அவள் சாலையில். பனிக்காலத்தில் இருவரும் வண்டியில். ஹோல்ம்பெர்க் தம்பதி பிரிந்துவிட்டார்கள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். டெல்மர் அதை மறுப்பதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இரக்கப்பட்டுப் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம்.

மூச்சு விடமாட்டேன் என்ற வாக்கு மட்டும் நிற்கவில்லை. போன நவம்பரில் ஒரு குறுக்குவழி தெரியும் என்று சொல்லி அவளை மண்பாதையில் இறக்கிவிட்டார். பாதை ஒரு மாட்டுத் தொழுவத்தின் வேலியில் போய் முடிந்தது. திருப்ப இடமில்லை. மாடுகள் வரிசையாக வந்து நின்று வேடிக்கை பார்க்க, வெல்டா அவ்வளவு தூரத்தையும் பின்னாலேயே ஓட்டி வந்தாள். டெல்மர் பின்னால் நடந்து வழி சொன்னார். நெடுஞ்சாலைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து, முழங்கால் வரை அப்பியிருந்த சேற்றை மெல்ல வழித்தார்.

"கோபமா?" என்றார் கடைசியில்.

"அந்தக் கறுப்பு மாடு உன்னையே பார்த்துச்சு" என்றாள் வெல்டா. "உன் பேரு அதுக்கும் தெரியும் போல."